ஆண்கள் வரிசை

புருஷனுடைய பழைய பேன்டை மாட்டிக்கொண்டு அவள் அறையிலிருந்து வெளியே வந்ததும், அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"இந்தக் கோலத்துல கிடங்குக்கு வந்தா என் மானம் கப்பலேறிடும்."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

அவன் அந்தக் கிடங்கின் மேஸ்திரி. சுமை தூக்கும் முறையை ஆட்களுக்குப் பழக்குவதும் அவன்தான். காலை அகட்டி நில், முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து, பெட்டியை உடம்போடு அணை, தொடை பலத்தில் எழுந்திரு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான், ஆனால் ஆண்களுக்கு மட்டும். பொம்பளை காலை அகட்டிக் குந்துவது அடக்கமில்லையாம். அதனால் பெண்கள் முப்பது பேரும் முழங்கால் ஒட்ட நின்று, இடுப்பை வளைத்து, நாள் முழுக்கப் பெட்டி தூக்கினார்கள். 'இப்படித் தூக்காதே' என்று சிவப்புக் கோடு போட்டுச் சுவரில் ஒட்டியிருந்த படத்து ஆளும் அப்படியேதான் குனிந்திருந்தான். நல்ல அடக்கம்!

அவனுடைய சொந்த அக்காவே அங்கே பதினொரு வருடம் அடக்கமாகத் தூக்கியவள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகிறாள். பொம்பளை உடம்பு அப்படித்தான் என்று வீட்டில் பேச்சை முடித்துவிட்டார்கள். போன வாரம், அந்த முப்பது பேரில் ஒருத்தியான இவளுக்கும் இடுப்பில் அதே இடத்தில் பிடித்துக்கொண்டது. பயந்துபோய், தான் அண்ணி என்று கூப்பிடும் அந்த நாத்தனாரிடம் மட்டும் சொன்னாள். பேன்டைத் தேடி எடுத்துக் கொடுத்தது அண்ணிதான்.

"அவளை விடு தம்பி," என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "நான் மானத்தைக் காப்பாத்தினேன். அது என் முதுகைக் காப்பாத்தல."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

கிடங்கில் அன்று பயிற்சி. ஆண்கள் வரிசையின் கடைசியில் அவள் போய் நின்றாள். யாரோ சிரித்தார்கள். அவன் அவளைப் பார்க்காததுபோல் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு போனான். அவன் சொல்லச் சொல்ல அவளும் செய்தாள். முதல் தடவை தடுமாறினாள். இரண்டாம் தடவை பெட்டி நெஞ்சோடு ஒட்டி மேலே வந்தது. இடுப்பு வலிக்கவில்லை.

"உன் வரிசைக்குப் போ," என்றான் அடிக்குரலில். "இத்தனை ஆம்பளைங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "அண்ணி மாதிரி எனக்கும் முதுகு போயி விழுந்துட்டா, என்னை ஆள் வச்சுத்தான் தூக்கணும். அப்பவும் எப்படித் தூக்கறதுன்னு ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் சொல்லிக் குடுப்பீங்களா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எல்லாரிலும் மூத்தவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர் வந்தார்கள். மேஸ்திரி அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

"நீங்க சொல்லித் தர வேணாம்," என்றாள் அவன் மனைவி. "நான் சொல்லித் தர்றேன்."

அவள் முதுகு நிமிர்ந்தபடி குந்தி உட்கார்ந்தாள். மூத்தவளின் பாதங்களை இரு கையாலும் பிடித்து, எல்லார் முன்னாலும் அகட்டி வைத்தாள்.