தையல்காரர் அமைதியாக இருந்தார்

எங்கள் வார்டில் முப்பத்திரண்டு கட்டில். மதிய ஷிஃப்டுக்கு நர்ஸ் இரண்டு பேர், நானும் ஒல்லியும். ஒல்லிக்கு எடை தொண்ணூறு கிலோ. பேர் வைத்தது நோயாளிகள்தான். மனநோய்க்கு மாத்திரை உண்டு, குசும்புக்கு இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வார்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம். நாலு மரம், இரண்டு பெஞ்ச், சுற்றிலும் ஆளுயரச் சுவர். நோயாளிகள் அங்கே போனால் ஒரு நர்ஸ் கூடவே நிற்க வேண்டும் என்பது விதி. ஒருவர் வெளியே நின்றால் உள்ளே மொத்த வார்டுக்கும் ஒருவர்தான் மிச்சம். அதனால் ஐந்து மாதமாகக் கதவு பூட்டியே கிடந்தது. மதியத்துக்கு மூன்றாவதாக ஒரு நர்ஸ் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன்.

"என்ன சிஸ்டர், வண்டி இன்னைக்காவது கெளம்புமா?" என்று தினமும் தோட்டத்துக் கதவைக் காட்டிக் கேட்பார் டிரைவர். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போது காதுக்குள் குரல்கள் கேட்கின்றன என்று வந்து சேர்ந்திருக்கிறார். தோட்டத்துக் கதவுக்கு எதிர்க் கட்டில் அவருடையது. மடியில் எப்போதும் ஒரு நோட்டு. பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதி எழுதிப் பழகிய கை. இங்கேயும் கடிகாரத்தைப் பார்த்து என்னமோ கிறுக்கிக்கொண்டே இருக்கும்.

மேலிடத்தின் பதில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஒல்லி சத்தமாகப் படித்தான். "பார்வைத் தாள்கள் அனைத்தும் முழுமையாகவும் நேர்த்தியாகவும் உள்ளன. இரு செவிலியர்களே சிறப்பாகப் பணியாற்றி வருவது தெளிவாகிறது. எனவே மூன்றாமவர் தேவையில்லை."

"அக்கா, நம்மளப் பாராட்டிருக்காங்க!"

"பாராட்டல. செருப்பால அடிச்சிருக்காங்க."

பார்வைத் தாள் என்பது பெரிய கட்டம் போட்ட காகிதம். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று எழுத வேண்டும். முப்பத்திரண்டு முகத்தையும் ஒழுங்காகப் பார்த்து முடிக்கவே பத்து நிமிஷம் ஆகும். மீதி ஐந்து நிமிஷத்தில் மருந்து கொடுத்து, ஒருவரைக் குளிப்பாட்டி, அழுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் கத்துகிற உறவினருக்குப் பதில் சொல்லி... நடக்கிற காரியமா? ஆகவே ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து கட்டங்களை மொத்தமாக நிரப்புவோம். 'படுக்கையில். அமைதி.' 'படுக்கையில். அமைதி.' ஒல்லி இதில் கெட்டிக்காரன். இரண்டு பேனாவை மாற்றி மாற்றி எழுதுவான், அப்போதுதான் அசலாகத் தெரியுமாம்.

கடுப்பில் பழைய தாள்களைப் புரட்டினேன். போன வாரத் தாள் ஒன்றில் கண் நின்றது.

"டேய், பதினெட்டாம் கட்டில் தையல்காரர் என்னைக்குடா வீட்டுக்குப் போனாரு?"

"போன புதன். காலைல பத்து மணிக்கு. அவங்க மச்சான் வந்து கூட்டிட்டுப் போனாரே."

"அன்னைக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் படுக்கைல அமைதியா இருந்திருக்காரு பாரு."

ஒல்லி தாளை வாங்கிப் பார்த்தான். அவன் கையெழுத்துதான். "அமைதியாத்தான் இருந்திருப்பாருக்கா," என்றான், "அவங்க வீட்ல."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை. காலிக் கட்டிலை ஒரு ஷிஃப்ட் முழுக்கப் பார்த்ததாக எழுதியிருக்கிறோம். மேலிடம் நேர்த்தி என்கிறது. என் அம்மா செங்கல் சுமந்தவள். சுமக்காத கல்லைச் சுமந்தேன் என்று சொன்னால், நாளைக்கு மேஸ்திரி அதையும் சேர்த்துத்தான் தலையில் ஏற்றுவான் என்பாள். நாங்கள் ஒரு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

"இன்னையிலேருந்து பாத்தா மட்டும் எழுதணும். பாக்கலன்னா கட்டம் காலி."

"அக்கா, அடுத்த மாசம் உங்க ஒப்பந்தத்த புதுப்பிக்கணும். வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க."

"வாய் சும்மாதான்டா இருக்கு. பேனாதான் சும்மா இருக்கப்போவுது."

நான்கு நாள் அப்படியே செய்தோம். தாள் பூச்சி அரித்த துணி மாதிரி ஆனது. ஐந்தாம் நாள் மூன்றரை மணிக்கு மேட்ரன் புயலாக வந்தார். பின்னால் மேலிடத்திலிருந்து கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி.

"என்னம்மா இது? பாதிக் கட்டம் காலியா கெடக்கு!"

"அந்த நேரத்துல பாக்கலம்மா."

"ஏன் பாக்கல? தூங்கினியா?"

"ரெண்டேகால்லேருந்து மூணு வரைக்கும் ஒருத்தர் சுவத்துல தலைய மோதிட்டிருந்தாரு. நானும் இவனும் அவரப் புடிச்சிட்டு நின்னோம். மத்த முப்பத்தொரு பேர யாரும் பாக்கல."

மேட்ரனின் முகம் சிவந்தது. அதிகாரி தாளைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார். "காலியா விட்டது சரி. நிரப்புனது மட்டும் உண்மைன்னு நான் எப்படி நம்பறது?"

ஒரு வருஷம் பொய் எழுதிய கை. ஒப்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

"சார், இங்க வாங்க," என்றார் டிரைவர் கட்டிலில் இருந்தபடி. நோட்டை நீட்டினார். "நானும் எழுதியிருக்கேன். ஒத்துப் பாருங்க."

அதிகாரி வாசித்தார். "ரெண்டு மணி, சிஸ்டர் வந்து மூஞ்சிய பாத்துச்சு. ரெண்டேகால், யாரும் வரல. ரெண்டரை, யாரும் வரல..." ஒவ்வொரு வரியையும் தாளில் டிரைவருக்கான கட்டங்களோடு வைத்துப் பார்த்தார். காலிக் கட்டத்துக்கெல்லாம் 'யாரும் வரல'. பிறகு விரல் நின்றது. "நேத்து மூணே முக்கால். சிஸ்டர் டீ குடிக்குது, இந்தப் பக்கம் திரும்பல. ஆனா தாள்ல பாத்ததா எழுதிருக்கே?"

டிரைவர் என்னைப் பார்த்து, "என்ன செய்ய சிஸ்டர், உள்ளத எழுதிட்டேன்," என்றார்.

"குடிச்சேன் சார்," என்றேன். "பழக்க தோஷத்துல கை எழுதிடுச்சு. அந்தக் கட்டம் பொய்."

ஒல்லி தலையில் கை வைத்துக்கொண்டான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிரைவர் விடவில்லை.

"சார், என் காதுல நாலு பேரு பேசுவானுங்க. அவனுங்க தவறாம பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ விசாரிக்கிறானுங்க. ஆளு பத்தாதது இந்தப் பக்கம்தான்."

மேட்ரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததை மறைக்க இருமினார்.

பத்து நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று எனக்கு மெமோ: டீ குடித்த நேரத்தில் பார்த்ததாக எழுதியதற்கு. மற்றொன்று, மதிய ஷிஃப்டுக்கு மூன்றாவது நர்ஸ், வாரத்தில் நாலு நாள் மட்டும். ஏழு நாள் கேட்டால் நாலு. ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது அடுத்த மாதத் தலைவலி.

புது நர்ஸ் வந்த முதல் நாள், வார்டை அவளிடமும் ஒல்லியிடமும் விட்டுவிட்டுத் தோட்டத்துக் கதவுக்குப் போனேன். பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவி திரும்பவில்லை. டிரைவர் எண்ணெய் கேட்டு வாங்கி இரண்டு சொட்டு விட்டு, லேசாக ஆட்டி, ஒரு திருகு. கதவு திறந்தது. ஆறு பேர் பின்னால் வரிசையாக வந்தார்கள்.

டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். நான் தாளில் அவர் கட்டத்துக்கு வந்தேன். 'தோட்டத்தில்,' என்று எழுதிவிட்டு, அமைதியா என்று பார்க்க நிமிர்ந்தேன். ஒல்லி வந்து மரக்கிளையில் ஊஞ்சல் ஆடிக் காட்டணும் என்று மனுஷன் வார்டு ஜன்னலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

'அமைதி இல்லை,' என்று எழுதினேன்.