பம்பு நின்ற பிறகு

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஓட்டிய சரக்குப் படகு, போன பயணத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் குடித்திருந்தது. தம்பிக்குத் துறைமுகத்தில் 'அவசரம்' என்றுதான் பெயர். கடைக்காரர் நீட்டிய முதல் மின்பம்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"அவசரத்துக்கு வாங்குற பம்பை அவசரமே வாங்கக் கூடாதுடா," என்றாள் அக்கா. "வை கீழே."

பீப்பாயில் தண்ணீர் நிரப்பச் சொன்னாள். படகின் மேல்தளம் இருக்கும் உயரத்துக்குக் குழாயைத் தூக்கிப் பிடித்தாள். தரையில் பீய்ச்சியடித்த பம்பு அந்த உயரத்தில் ஒப்புக்கு ஊற்றியது. பெரிதாக இன்னொன்றை வைத்துப் பார்த்தார்கள். அது தேறியது.

"பேட்டரி முழுகிட்டா?"

"அதுக்குள்ள இது இறைச்சுத் தள்ளிடும்மா," என்றார் கடைக்காரர்.

"தள்ளலைன்னா?"

அவர் உள்ளே போய் ஒரு கைப்பம்பைத் தூக்கி வந்தார். இரண்டையும் வாங்கினார்கள். அவள் சரக்கு பேசப் போன நேரத்தில் தம்பியே இரண்டையும் பொருத்தி, ஓட்டியும் பார்த்துவிட்டான். நன்றாக இறைத்தன.

மறுநாள் கூரை ஓடுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அலையே இல்லை. கரை கண்ணிலிருந்து மறைந்த பிறகு, சுக்கானைத் திருப்பினால் படகு யோசித்து யோசித்துத் திரும்பியது.

"கீழ போய்ப் பாருடா," என்றாள் அக்கா.

கீழிருந்து அவன் குரல் வந்தது. "முழங்கால் வரைக்கும் நிக்குது. உப்புத் தண்ணிதான்."

மின்பம்பை ஓட்டினான். தண்ணீர் மளமளவென்று இறங்கியது. நிறுத்தினான். பேசிக்கொண்டிருக்கும்போதே பலகைகளுக்கு மேல் மறுபடி ஏறியது, முன்பைவிட வேகமாக. அவன் பம்பின் விசைக்குக் கை நீட்டுவதற்குள் படகு ஒருபக்கம் சாய்ந்தது. தண்ணீர் மொத்தமும் அங்கே ஓடிப் பேட்டரியை மூழ்கடித்தது. விசையைத் தட்டியதும் பம்பு ஒரு முறை விக்கி, அடங்கியது.

"கைப்பம்பை அடி," என்றாள்.

அவன் அடித்தான். அடிக்க அடிக்கத் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அக்கா சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கீழே இறங்கி, இடுப்பளவு நீரில் பலகை பலகையாகத் தடவினாள். விரிசல் எதுவும் கையில் படவில்லை. திரும்பும்போது மின்பம்பின் குழாய் தோளில் உரசியது. அது உயிருள்ளதைப் போல நடுங்கிக்கொண்டிருந்தது. நின்றுபோன பம்பின் குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இதை எங்கடா வெளிய விட்ட?"

"படகோட பக்கவாட்டுல துளை போட்டு. தண்ணிக்கு ஒரு சாண் மேலதான் வச்சேன்க்கா."

"சரக்கு ஏத்துறதுக்கு முன்னாடியா?"

கைப்பம்பின் சத்தம் நின்றது. ஓடுகளின் பாரத்தில் அந்தத் துளை எப்போதோ கடலுக்குக் கீழே போயிருந்தது; பம்பு ஓடாத நேரமெல்லாம் கடல் அதே குழாய் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது.

"கையை நிறுத்தாதே. அடி."

அவள் குழாயைப் பம்பிலிருந்து பிடுங்கினாள். கடல் அவள் நெஞ்சில் அறைந்தது. தடுமாறி எழுந்து, குழாயின் வாயைத் தலைக்கு மேல் உயர்த்தினாள். பீய்ச்சல் மெலிந்தது, ஒழுகலானது, நின்றது. அதை மேல்தளத்து உத்தரத்தில் இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் அவள் பற்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கின.

மாற்றி மாற்றி இறைத்தே துறை சேர்ந்தார்கள். வழியில் அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், "அப்புறம்," என்றாள்.

கூலியாட்கள் ஓடுகளை இறக்கத் தொடங்கியும் அவன் மேலே வரவில்லை. அவள் குனிந்து எட்டிப் பார்த்தாள். தான் போட்ட துளைக்குப் பக்கத்தில், ஈரப் பலகையில் காதை வைத்து, மறுபக்கம் கடல் உரசுவதைக் கேட்டபடி அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.