இருக்குமிடம் தெரிந்தவன்

ஒரே வாரத்தில் மூன்றாவது முறை அவனைப் பார்த்ததும், கையிலிருந்த ரொட்டித் துண்டை அவள் தட்டில் வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பேக்கரி அது. ஆஸ்பத்திரியின் இரண்டாவது லிஃப்ட் ஆறாம் மாடியில் கதவைத் திறக்காமல் அடம்பிடித்ததால், காலையிலிருந்து அவளும் கூட வேலை பார்க்கும் ஸ்பேனர் அண்ணனும் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் மூச்சு விடலாம் என்று அவள் மட்டும் வெளியே வந்திருந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். பதினோரு மாதத்துக்கு முன் அவள் விட்டுவிட்டு வந்த கணவன்.

"அட, நீயா? நான் சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றான்.

அவன் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. ஆஸ்பத்திரிப் பக்கம் வர அவனுக்குக் காரணமா இல்லை? முந்தின நாள் பல் மருத்துவர் கட்டடத்தில் பார்த்தபோதும் அதே சிரிப்பு, அதே "சும்மா". அதற்கு முன்னால், சனிக்கிழமை, ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில். அவன் கத்த மாட்டான், கையை ஓங்க மாட்டான். அவளுடன் இருந்த ஐந்து வருடமும் இப்படித்தான். எங்கே போனாய், யாருடன் பேசினாய், பதினேழு நிமிடம் ஏன் தாமதம் என்று சிரித்தபடியே கேட்பான். கேட்டுக் கேட்டே அவளை அரைத்து மாவாக்கிவிட்டான்.

"இளைச்சுட்டே. ஒழுங்கா சாப்பிடறது இல்லையா?"

அவள் எழுந்து வெளியே வந்து, சாலையைக் கடந்து, ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக லிஃப்டின் மோட்டார் அறைக்கு ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

எப்படித் தெரிகிறது இவனுக்கு? வீட்டை மாற்றியாயிற்று. போன் நம்பரை மாற்றியாயிற்று. எந்தக் கட்டடத்துக்குப் போகிறோம் என்பது அவளுக்கே காலை எட்டு மணிக்கு வேலைச் சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரியும். அவளைத் தவிர அந்தச் சீட்டைப் பார்ப்பது ஒரே ஒருவர்தான்.

அன்று சாயங்காலம் வேனில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேவிட்டாள்.

"அண்ணே, அவன்கிட்ட எத்தனை நாளா பேசிக்கிட்டிருக்கீங்க?"

"யார்கிட்டம்மா?"

"நடிக்காதீங்க. நான் போற இடத்துக்கெல்லாம் பின்னாடியே வந்து நிக்கிறான். சீட்டு உங்க கையிலயும் என் கையிலயும்தான் இருக்கு. நான் சொல்லல. அப்போ வேற யாரு?"

ஸ்பேனர் அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர். வாய் ஓயாமல் பேசுகிறவர். போல்ட்டைத் திருகும்போதுகூட அதனோடு பேசுவார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வண்டியைக் கிளப்பினார். அவருடைய போன் திரை சிலந்தி வலை பின்னியது போல உடைந்திருந்ததால் வழி சொல்வது எப்போதும் அவளுடைய போன்தான். முன்கண்ணாடிக்குக் கீழே மாட்டியிருந்த அந்தப் போன் மட்டும் "முந்நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்புங்கள்" என்று பேசிக்கொண்டே வந்தது.

அன்றிரவு அவள் கண்ணயரவில்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரிப் பெண்கள் கழிப்பறையின் கதவில் பார்த்த, பெண்களுக்கான உதவி எண் நினைவுக்கு வந்தது. மறந்துவிடக் கூடாதென்று உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தாள். பாதி அழிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. காலையில் வேன் பெட்ரோல் போட நின்றபோது அந்த எண்ணை அழைத்தாள்.

எதிர்முனையில் பேசிய பெண் இரண்டு வாக்கியம் கேட்டதுமே இடைமறித்தாள். "இது உங்க சொந்த போனா? இதை வச்சுட்டு, நம்பிக்கையான வேற யாரோட போன்லயாவது கூப்பிடுங்க. உடனே."

நம்பிக்கையான வேற யார்? அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். நேற்று அவள் வாய்க்கு வந்தபடி ஏசிய அதே மனிதர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சாலையை வெறித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே... உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களா?"

அவர் ஏன் என்று கேட்கவில்லை. போனை எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கி, வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். அந்த முதுகைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

"உங்க போனை வாங்கிக் கொடுத்தது யாரு?" என்று கேட்டாள் உதவி எண் பெண்.

"அவன்தான். கல்யாணமான புதுசுல."

"அதுல மெயில் கணக்கு திறந்து கொடுத்தது?"

"அதுவும் அவன்தான். எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னு."

"பாஸ்வேர்ட் அவருக்குத் தெரிஞ்சதா?"

"எங்க கல்யாணத் தேதி."

"சரி. இப்ப உங்க போன்ல மேப்பைத் திறங்க. மேல ஓரத்துல உங்க படம் இருக்கும், அதைத் தொடுங்க. இருப்பிடப் பகிர்வுன்னு இருக்கா?"

இருந்தது. தொட்டாள். சின்ன வட்டத்துக்குள் அவனுடைய முகம் சிரித்தது. அதன் கீழே இரண்டு வரிகள். இவருடன் உங்கள் இருப்பிடம் பகிரப்படுகிறது. நீங்கள் நிறுத்தும் வரை.

பதினோரு மாதம். குளிக்கப் போனபோதும், தூங்கியபோதும், புது வீட்டின் சாவியை முதல்முதலாகத் திருப்பியபோதும்.

"நான் நம்பரை மாத்திட்டேனே!"

"நம்பர் வேற, கணக்கு வேறம்மா. சிம்மைத்தான் மாத்தியிருக்கீங்க. கணக்கு அதேதான்."

"இப்பவே நிறுத்திடறேன்."

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் அந்தப் பெண். நிறுத்தினால் அவனுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று பார்க்க முடியாமல் போனால் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. முதலில் திரையை வேறு போனில் படம் எடுக்க வேண்டும். எந்தத் தேதியில் எங்கே வந்தான் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை, இருவரும் சேர்ந்து காவல் நிலையத்துக்குப் போகலாம். அதன் பிறகு பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிறுத்தலாம். "அதுவரைக்கும் எப்பவும் போல வேலைக்குப் போங்க. ஆனா தனியா இருக்காதீங்க. பயமா இருந்தா காத்திருக்காம நேரா போலீஸைக் கூப்பிடுங்க."

அவள் படம் எடுத்து முடித்துவிட்டு இறங்கிப் போனாள். "அண்ணே, நான் பேசினது தப்பு. போன்தான் காட்டிக் கொடுத்திருக்கு. என்னை மன்னிச்சிருங்க."

அவர் முழுக்கதையையும் கேட்டார். கன்னத்தைச் சொறிந்தார். "மன்னிப்பு கெடக்கட்டும். என் போன்லயும் அது இருக்கான்னு பாரு. என் வீட்டுக்காரி தினம் சாயங்காலம், 'இன்னிக்கு எத்தனை டீ?'ன்னு சரியா கேக்குறா. எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நேற்று காலைக்குப் பிறகு அப்போதுதான் அவளால் ஒரு மிடறு தண்ணீர் நிம்மதியாகக் குடிக்க முடிந்தது.

ஆனால் அந்த இரண்டு நாளும் முள்மேல் நிற்கிற மாதிரிதான் கழிந்தன. பாக்கெட்டில் போன் இருப்பது தெரிந்தே நடக்க வேண்டும். தூக்கி எறியவும் முடியாது, மறக்கவும் முடியாது. இரவு அதைச் சமையலறை டப்பா ஒன்றுக்குள் போட்டு மூடினாள். மூடினாலும் அது அவளைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும் என்று தெரிந்து, மறுபடி எடுத்து வெளியே வைத்தாள்.

வியாழக்கிழமை வேலை நகரத்தின் ஓரத்தில், இன்னும் யாரும் குடிவராத பதினோரு மாடிக் கட்டடத்தில். சுற்றிலும் பொட்டல். கடை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. வாசலில் ஒரு காவலாளி மட்டும். அவள் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று, மூன்றாம் மாடிக் கதவின் பூட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மேலே ஏறும்போது பாக்கெட்டில் எதுவும் இருக்கக்கூடாது என்பது வேலை விதி. போன் தரைத்தளத்தில், ஸ்பேனர் அண்ணனின் காலடியில் கிடந்த கருவிப் பைக்குள் இருந்தது.

லிஃப்ட் போகும் பாதை ஒரு கிணறு மாதிரி. கீழே கிசுகிசுத்தால் மேலே கேட்கும்.

"யாரு வேணும்?" ஸ்பேனர் அண்ணனின் குரல்.

"ஃபிளாட் பாக்க வந்தேன். அப்படியே... இங்க ஒரு லேடி மெக்கானிக் இருப்பாங்களே, அவங்களைக் கூப்பிடுங்க."

அவள் கையிலிருந்த விளக்கை அணைத்தாள். கூண்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். இரும்புக் கம்பிவடத்தைப் பிடித்த கை வழுக்கியது. எண்ணெயா வியர்வையா என்று தெரியவில்லை.

"அப்படி யாரும் இல்லையே."

"இல்லையா? இதோ, இங்கதானே காட்டுது!"

"எதுல காட்டுது?" என்றார் ஸ்பேனர் அண்ணன்.

பிறகு அவன் சிரித்த சத்தம். அதன் பிறகு படிக்கட்டில் ஷூ சத்தம்.

போன் அவள் இருக்கும் கட்டடத்தைக் காட்டும். எந்த மாடி என்று காட்டாது. அவன் ஒவ்வொரு மாடியாக ஏறி வந்தான். முதல் மாடியில் லிஃப்டின் இரும்புக் கதவைத் தட்டினான். "கீழ வா, ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்." இரண்டாம் மாடியில் தட்டினான். பிறகு மூன்றாம் மாடி. அவள் முகத்துக்கும் அவன் கைக்கும் நடுவில் ஒரு தகரக் கதவுதான். தட்டியபோது அதன் அதிர்வு அவள் நெற்றியில் பட்டது.

"நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

அந்தக் கதவைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும். வெளியிலிருந்து அதைத் திறக்கத் தனிச் சாவி வேண்டும். உலகத்தில் யாருக்கும் ஆபத்தான அந்த இருட்டுக் குழிதான் அந்த நேரத்தில் அவளுக்கு மிகப் பத்திரமான இடம். பூட்டின் கொக்கி முழுசாக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். விழுந்திருந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் அவளே சரிசெய்த கொக்கி.

"சார்!" கீழேயிருந்து ஸ்பேனர் அண்ணன் கத்தினார். "மேல கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டல. விழுந்து தொலைச்சீங்கன்னா எலும்பு பொறுக்க நான்தான் வரணும்!"

அவன் நான்காம் மாடிக்கு ஏறினான். ஐந்து. ஆறு. தட்டுகிற சத்தம் தேய்ந்துகொண்டே போனது. ஸ்பேனர் அண்ணன் உடைந்த திரையில் விரலைக் கீறிக்கொண்டு போலீஸை அழைத்ததும், காவலாளியை அனுப்பி வாசல் கேட்டைப் பூட்டச் சொன்னதும் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. இருபது நிமிடத்தில் போலீஸ் வண்டி வந்தது. அவளுக்கு அது ஒரு யுகம்.

பெண் அதிகாரி ஒருவர் அவனைக் கீழே அழைத்துவந்தார். அவன் சிரித்தபடியே இறங்கினான். "மேடம், சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"இந்தப் பக்கம் என்ன இருக்கு? எந்த டாக்டரைப் பாக்க வந்தீங்க?"

அவன் கையில் போன் மேப்போடு திறந்தே இருந்தது. அவளுடைய பெயரைத் தாங்கிய நீலப் புள்ளி அதில் மினுக்கிக்கொண்டிருந்தது. அதிகாரி கையை நீட்டினார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவன் சிரிப்பு நின்றதை, மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்த அவள் தன் கண்ணால் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கத் தேவைப்படவில்லை. அன்று சாயங்காலமே உதவி எண் பெண் காவல் நிலையத்துக்கு நேரில் வந்தாள். பகிர்வை நிறுத்தினார்கள். பழைய கணக்கை யாரும் தொட முடியாதபடி பூட்டிவிட்டு, புதிதாக ஒன்று திறந்தார்கள். பாஸ்வேர்டை அவளே போட்டாள். எந்தத் தேதியும் இல்லை, யார் பெயரும் இல்லை. இருப்பிடத்தை எந்தெந்தச் செயலி கேட்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, டார்ச் விளக்குச் செயலிகூட கேட்டிருந்தது. "உனக்கு எதுக்குடா?" என்று சொல்லி அதை நீக்கினாள். மேப்புக்கு மட்டும், அதுவும் பயன்படுத்தும்போது மட்டும் அனுமதி கொடுத்தாள். நீதிமன்ற உத்தரவு வர ஏழு வாரம் ஆனது. அவள் இருக்கும் இடத்துக்கு இருநூறு மீட்டருக்குள் அவன் வரக்கூடாது. அதற்குள் அவள் இன்னொரு முறை வீடு மாறியிருந்தாள்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் இன்னமும் கழுத்து தானாகத் திரும்பும். எந்தக் கடையிலும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டாள்.

உத்தரவு வந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செருப்பு வாங்கக் கடைக்குப் போனாள். கடையின் கதவு முழுக்கக் கண்ணாடி. ஆள் வரும்போதெல்லாம் திரும்பினாள். ஒருவர், ஒரு குடும்பம், இரண்டு கல்லூரிப் பெண்கள். அவன் இல்லை. உட்கார்ந்து ஒரு ஜோடியைப் போட்டுப் பார்த்தாள். கடித்தது. இன்னொன்று கேட்டாள். அது தொளதொளவென்று இருந்தது. நேரம் போனதே தெரியவில்லை. முக்கால் மணி நேரத்தில் சுற்றிலும் பெட்டிகள் குவிந்தன.

"அக்கா, இது ஏழாவது ஜோடி" என்றாள் கடைப்பெண், சலிப்பை மறைக்காமல். "ஏதாவது ஒண்ணை எடுங்களேன்."

"அவசரம் ஒண்ணும் இல்லைம்மா" என்றாள் அவள். "அந்த மேல் தட்டுல இருக்கிறதையும் எடு."