பல்வலித் துண்டு

"என்ன நடந்தாலும் வாயத் திறக்காத, மங்க்ரியோட அம்மா. பல்வலின்னு நான் சொல்லிக்கிறேன்," என்று மனைவி லகனியாவின் தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டினான் பகிராம்.

"நேபாளி தெரியும்னு ரொம்ப அலட்டாதீங்க. முதல்ல தொப்பிய நேரா வைங்க," என்றாள் அவள்.

அந்த வருஷம் நேபாளத்தில் பர்தியா பக்கம், தாரு ஜனங்களின் தாரு பாஷை வாயில் வந்தாலே கிளர்ச்சிக்காரன் என்று சிப்பாய்கள் இழுத்துப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். ஓட்டலில் தட்டுக் கழுவிய காலத்தில் பகிராம் மலைக்காரர்களின் நேபாளியை அச்சு அசலாகப் பிடித்திருந்தான். அதை நம்பித்தான் குழந்தையோடு பஸ் ஏறினார்கள்.

சோதனைச் சாவடியில் ஆண்களை இறக்கினார்கள். பகிராம் சிரித்துச் சிரித்துப் பேசினான். சிப்பாய் "போ" என்று கையசைத்தான். ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்த லகனியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பஸ்ஸுக்குத் திரும்பும் வழியில், ஒரு பாழாய்ப்போன மரத்தடியில், கைகள் கட்டப்பட்டு, அவர்கள் ஊர்த் தலைவர் பட்கர் உட்கார்ந்திருந்தார். பட்கரைக் கும்பிடாமல் தாண்டிப்போகிற தாரு அந்த ஊரில் கிடையாது. பெரியவர் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு இருந்த புத்தி இவனுக்கு இல்லையே! பகிராமின் முதுகு தானாக வளைந்தது. "கும்பிடறேன் பட்கரே," என்று தாருவில் சொல்லியும் தொலைத்தான்.

"யோவ், இவன் உங்க ஊரா?" என்று சிப்பாய் பட்கரைக் கேட்டான்.

"இவன நான் பார்த்ததே இல்ல," என்றார் பட்கர்.

யார் நம்புவார்கள்? தொப்பியைத் தட்டிவிட்டுப் பகிராமை இழுத்துப் போனார்கள். பாவி மனுஷன், பஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா எங்க போறாரு?" என்று மங்க்ரி தாருவில் ஆரம்பித்தாள். பேசப் பழகி ஆறு மாசம்கூட ஆகாத குழந்தை. லகனியா அவள் வாயைப் பொத்தினாள். குழந்தை திமிறியது, உள்ளங்கையைக் கடித்தது. ரத்தம் வந்தும் அவள் கையை எடுக்கவில்லை. பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்த சிப்பாயிடம் தாடைத் துண்டைத் தொட்டுக் காட்டினாள். அவன் இறங்கிப் போனான்.

பகிராம் திரும்பி வரவேயில்லை.

மங்க்ரி வெகுநாள் பேசாமல் இருந்தாள். பேசியபோது நேபாளிதான் வந்தது. இன்று கல்யாண வயசு. அம்மா தாருவில் கேட்டால் எல்லாம் புரியும், பதில் மட்டும் நேபாளி.

"உங்கப்பா பேசின பேச்சுடி. ஒரு வார்த்தை பேசேன்," என்று லகனியா கெஞ்சுவாள்.

"பேச வாயெடுத்தா மூச்சு முட்டுதும்மா. ஏன்னு தெரியல."

லகனியாவுக்குத் தெரியும். தழும்பேறிய உள்ளங்கையை மூடிக்கொண்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.