நான் அலமாரி ஆகவிருந்த வியாழக்கிழமை

என் பெயர் இசக்கிராஜா. வயது இருபத்து மூன்று. கோபன்ஹேகனில், கல்லூரியின் நான்காவது மாடியில், ஜன்னல் ஓரமாக நின்று போனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்கிறது. அம்மா, அப்பா, செல்வி அக்கா, மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இது. பயப்படும்படி ஒன்றும் இல்லை. போன மாதம் நான் அலமாரி ஆகிக்கொண்டிருந்தேன். இப்போது இல்லை.

எங்கள் வகுப்பில் அது வழக்கம்தான். வியாழன்தோறும் உலக விவகாரங்கள் பற்றி விவாதம் நடக்கும். தொடர்ந்து மூன்று விவாதங்களில் வாய் திறக்காதவர் மரச்சாமான் ஆகிவிடுவார். கோட் மாட்டும் ஸ்டாண்டாக நிற்பவர் ஆண்டர்ஸ். போன வருட மாணவர். நல்ல ஸ்டாண்ட் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவருடைய பிறந்த நாளுக்குக் கேக் வெட்டினோம்.

வகுப்பை நடத்துபவர் கிர்ஸ்டன் மேடம். அவர் பேசுவது டேனிஷ். வகுப்பின் கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் அது தமிழாகிவிடுகிறது. யாரும் புகார் சொன்னதில்லை.

முதல் நாளே ஆளுக்கொரு நாட்டைக் கையில் கொடுத்துவிடுவார். எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன நாடு. ஐந்து கிலோ அரிசிப் பை அளவு இருக்கும். அடியில் கொஞ்சம் ஈரம். அதை மடியில் சாய்க்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். சாய்த்தால் அதில் ஓடும் ஆறு சட்டையில் கொட்டிவிடும்.

முதல் விவாதத்தில் மேடம் என்னிடம் கேட்டார்.

"உங்க நாடு ஆதரவா, எதிர்ப்பா?"

நான் தலையை ஆட்டினேன். நம் ஊரில் ஆட்டுவதுபோலத்தான். உடனே கோணமானியோடு இரண்டு பேர் வந்தார்கள். இன்னொரு முறை ஆட்டச் சொன்னார்கள். அளந்தார்கள். ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை, பதினான்கு டிகிரி என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது விவாதத்தில் கை தூக்கினேன். மேடம் என் பெயரைச் சொன்னார். "நீங்க முதல்ல பேசுங்க" என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டிவிட்டேன். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. அது ஹீட்டர். ஹீட்டர் நான்கு நிமிடம் நன்றாகப் பேசியது.

அன்று சாயங்காலமே இடது முழங்கையில் கீல் முளைத்தது. மறுநாள் நெஞ்சில் ஒரு கதவு. வலி இல்லை. மூச்சு விடும்போது லேசாகக் கிரீச்சிட்டது.

நான்காவது மாடி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். படி ஏற ஏற மாடி ஏறிக்கொண்டே போனது. ஒன்பது மாடி ஏறிய பிறகுதான் நான்காவது மாடி வந்தது. எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். என்ன மரம், எத்தனை தட்டு, பூட்டு வேண்டுமா என்று மூன்று கேள்விகள். முதல் கேள்விக்கு நான் எழுதிய பதிலை அவர் இரண்டு முறை படித்தார்.

"'எதுவானாலும் பரவாயில்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"அது மரம் இல்லையே."

"உங்களுக்கு எது வசதியோ அதையே போட்டுக்கோங்க சார்."

ஓக் என்று போட்டார். வியாழக்கிழமைக்குள் தயாராகிவிடும் என்றார். நான் நன்றி சொன்னேன்.

வெளியே சங்கவி நின்றிருந்தாள். என் வகுப்புதான். டென்மார்க்கில் பிறந்தவள். அப்பா அம்மா யாழ்ப்பாணம். முதல் நாளிலிருந்தே என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். என் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"நோகுதோ அண்ணா?"

"இல்லம்மா. கொஞ்சம் காத்து போகுது."

"அப்ப என்ர சாப்பாட்டுப் பெட்டிய உள்ளுக்க வைக்கட்டோ?"

"வச்சுக்கோ."

"எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொன்னா அலமாரியாத்தான் போவியள். ஒருக்கா வாயத் துறந்து கதைச்சா என்ன? வாய் என்ன வாடகைக்கோ எடுத்தனீங்கள்?"

"தப்பாப் பேசிட்டா?"

"பிழையாக் கதைச்சவைக்கு இஞ்ச ஒண்டும் நடக்கிறேல்ல. மத்தியாஸப் பாருங்கோ. தன்ர நாட்டுத் தலைநகரத்தையே மாறிச் சொன்னவன். போன கிழமையவிட ரெண்டு அங்குலம் வளந்து நிக்கிறான்."

உண்மைதான். மத்தியாஸ் வகுப்பிலேயே உயரமானவன். குனிந்துதான் உள்ளே வருவான்.

மூன்றாவது வியாழக்கிழமை வந்தது. தட்டுகள் நான்கும் பொருத்தியாகிவிட்டது. பூட்டு மட்டும் பாக்கி. அதைப் பொருத்த வந்த தச்சர் வகுப்பின் கடைசி வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நானும் புன்னகைத்தேன்.

அன்றைய தலைப்பு, ஒரே ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் நாடுகள். ஆறு மத்தியாஸின் மடியில் உற்பத்தியாகி, ஆறு பேரின் மடி வழியாக என் மடிக்கு வந்துகொண்டிருந்தது. என்னிடம் வரும்போது அது ஈரம் மட்டும்தான். மத்தியாஸ் எழுந்தான்.

"நாங்க இந்த ஆத்துத் தண்ணி ஒப்பந்தத்தை விட்டுப் போறோம்."

அவன் நாற்காலி தானாக மடங்கிக்கொண்டது. விதி அப்படி. வெளிநடப்பு செய்த நாட்டுக்குத் திரும்ப நாற்காலி கிடையாது. அவன் நாட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனான். அடுத்தவள் எழுந்தாள். "நாங்களும் போறோம்." நாற்காலி மடங்கியது. ஒவ்வொருவர் போகும்போதும் அறை முப்பது கஜம் நீண்டது. கொஞ்ச நேரத்தில் மேடம் பட்டாணி அளவுக்குத் தெரிந்தார். மிஞ்சியது நான், சங்கவி, தச்சர், ஆண்டர்ஸ்.

"இசக்கிராஜா," என்று தூரத்திலிருந்து மேடம் கூப்பிட்டார். "உங்க நாடு இருக்கப் போகுதா, போகப் போகுதா?"

என் கதவுக்குள் சங்கவியின் சாப்பாட்டுப் பெட்டி கடகடத்தது. எல்லோரும் போய்விட்டார்கள், நாமும் போய்விடலாம் என்று தோன்றியது. எழுந்தேன். நாட்டை எடுத்துக்கொண்டேன். பெரியவர்களிடம் சொல்லாமல் எப்படிப் போவது?

"போயிட்டு வாரேன் மேடம்."

நாற்காலி பாதி மடங்கி நின்றுவிட்டது.

மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எங்களை நோக்கி நடந்து வந்தார். வந்து சேர ஆறு நிமிடம் ஆனது.

"போறீங்களா, வர்றீங்களா?"

"போறேன் மேடம். ஆனா..."

"எப்ப வருவீங்க?"

"அது சும்மா சொல்றது மேடம்."

"ஒரு நாடு சும்மா சொல்லலாமா?"

தச்சர் பூட்டைக் கையில் எடுத்தார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. மூன்றாவது தட்டிலிருந்து வந்ததுபோல இருந்தது.

"சும்மா இல்ல மேடம்," என்றேன். "எங்க ஊர்ல யாரும் 'போறேன்'னு சொல்ல மாட்டோம். சண்ட போட்டுட்டுப் போனாலும் 'வாரேன்'னுதான் சொல்லுவோம். எங்க அப்பாவும் பெரியப்பாவும் பதினோரு வருஷம் பேசல. வாய்க்கால் தகராறு. பெரியப்பா வீட்ட விட்டு எறங்கும்போது செம்ப எட்டி உதைச்சிட்டு, 'இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன், வாரேன்'னு சொல்லிட்டுத்தான் போனாரு."

"ரெண்டும் முரணா இருக்கே."

"இருக்கட்டும் மேடம். அந்த 'வாரேன்' இருந்ததாலதான் அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிக வைக்க முடிஞ்சது. அப்பா போய் நின்னாரு. 'நீதான வாரேன்னு சொன்ன, ஏன் இன்னும் வரல'ன்னு கேட்டாரு. பெரியப்பா உடனே எந்திரிச்சாரு. சட்டையப் போட்டுட்டு வந்துட்டாரு."

சொல்லிமுடித்ததும் ஓர் ஓக் தட்டு கழன்று தரையில் விழுந்தது.

வாசலில் மத்தியாஸின் தலை தெரிந்தது. தாழ்வாரத்தில் மூன்று கிலோமீட்டர் நடந்து திரும்பியிருந்தான்.

"வராமலே இருந்துட்டா?" என்று கேட்டான்.

"இருந்துட்டுப் போ. உன் நாற்காலி விரிச்சபடி கெடக்கும். வாரவன் போறவன்லாம் பாப்பான். மடக்கி வச்சா ரெண்டு நாள்ல மறந்துருவாங்க."

இரண்டாவது தட்டு விழுந்தது.

"தண்ணி?"

"தண்ணியப் பத்தி நீ வந்து உக்காந்தாத்தான பேச முடியும்? எந்திரிச்சுப் போனா எனக்கு ஈரம், உனக்கு முதுகுவலி. ஒரு ஆத்தக் கக்கத்துல வச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் நடப்ப?"

அவன் யோசித்தான். கக்கத்தை மாற்றிக்கொண்டான்.

சங்கவி எழுந்து எதிர்த்துப் பேசினாள். வருவேன் என்று சொல்லிவிட்டு வராத நாட்டை எப்படி நம்புவது என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். அவள் அதையும் மறுத்தாள். நான் மேசையைத் தட்டினேன். ஆண்டர்ஸ் ஒரு கிளையைத் தூக்கி, ஒரு கேள்வி இருக்கிறது என்றார். நல்ல கேள்வி. தாழ்வாரத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். இரண்டு இடத்தில் தப்பாகப் பேசினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஓட்டெடுப்பு நடந்தது. வெளிநடப்பு செய்யும் எந்த நாடும் 'போயிட்டு வாரோம்' என்று சொல்லிவிட்டுத்தான் வெளியேற வேண்டும் என்பது தீர்மானம். பதினேழு ஆதரவு, இரண்டு எதிர்ப்பு. எதிர்த்த இருவரில் ஒருத்தி சங்கவி. நாற்காலிகள் விரிந்தன. ஆறு என் மடிக்குக் கணுக்கால் அளவு வந்தது. தச்சர் பையை மூடிக்கொண்டு, "போயிட்டு வாரேன்" என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

என் மிச்சத் தட்டுகளும் நெஞ்சுக் கதவும் கழன்று விழுந்தன. சங்கவி தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"இனி எங்க வைக்கிறது?" என்றாள். "எனக்குத்தான் நட்டம்."

இப்போது நான் நன்றாகப் பேசுகிறேன். பேக்கரியில் ரொட்டி பழையது என்று சொல்கிறேன். பஸ் டிரைவரிடம் வழியைப் பற்றி வாதாடுகிறேன். போன புதன்கிழமை பஸ் என் வழியில் போனது. கடலுக்குள் போய்விட்டது. எல்லோரும் சந்தோஷமாக நனைந்தோம்.

அடுத்த மாதம் கல்லூரிகளுக்கு இடையிலான விவாதம். எங்கள் அணியில் முதலில் பேசுவது நான். எதிரணியின் மடியில் ஆறு பெரிய நாடுகள். அவர்கள் எதற்கும் சரி என்று சொல்லாதவர்கள். எனக்குப் பயிற்சி போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் பேசும்போது நான் என்ன சொன்னாலும் "சரிப்பா, சாப்பிட்டியா" என்கிறீர்கள். எனக்குக் குளிரே இல்லை என்றேன், சரி என்றீர்கள். எனக்கு இங்கே எல்லாம் பழகிவிட்டது என்றேன், அதற்கும் சரி என்றீர்கள்.

அம்மா, அப்பா, அக்கா, இந்த ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணும்போது, நான் சொல்வதைத் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள்.