மோட்டார் ரூம் சாவி

எழுமலைக்கு மேற்கே, எங்கள் கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டவர் என் வீட்டுக்காரர் சிவக்குமார்தான். விவசாயத்துக்கென்று கொடுத்த இலவசக் கரண்டில், பம்ப்செட்டுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டுகளை வரிசையாக இரும்புச் சட்டத்தில் மாட்டி, ராப்பகலாகக் கணக்குப் போடவிட்டு, இணையத்தில் கிரிப்டோ காசு தோண்டிக்கொண்டிருந்தார். வெளியே நான் தை மாதம் குழி வெட்டி நட்ட மல்லிகைக் கன்றுகள். கல்யாணமாகி வந்த பிறகு எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

கோர் கிளாக், மெமரி கிளாக் என்று கார்டு ஓடும் வேகத்தில் ஒன்றைக் குறைப்பார், ஒன்றை ஏற்றுவார், கார்டு சூடாகாமலிருக்க வோல்டேஜை இன்னும் ஒரு நூல் இறக்குவார். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படிக் காய்ச்சல் பார்த்திருக்க மாட்டார். இறக்கி இறக்கி, மோட்டாரைப் போட்டு லைன் லேசாகத் தடுமாறினாலே எல்லாக் கார்டும் நின்றுவிடும் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரம் மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் பாதி வாய்க்கால் போவதற்குள் ஓடி வந்து நிறுத்தினார்.

"செட்டிங் பூரா போச்சு. எம்புட்டு நாளா ட்யூன் பண்ணேன் தெரியுமா?"

"செடி வாடுதுங்க."

"ஸ்டேபிள் ஆகட்டும். அப்புறம் நாள் பூரா பாய்ச்சிக்க."

அன்றைக்கே பூட்டு வந்தது. சாவி அவர் அரைஞாண் கயிற்றில் ஏறியது.

வைகாசி வெயிலுக்கு ரூம் ஜன்னலில் ஈரச் சாக்குக் கட்டச் சொன்னார். எங்கள் ஆழக் கிணற்றில் மோட்டார் இல்லாமல் இறைக்க முடியாது; சாக்கை நனைக்கப் பக்கத்துத் தோட்டத்து இருளாயி மதினி கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தவள் நான்.

"பூவுக்கா இம்புட்டுத் தண்ணி?" என்று மதினி கேட்டாள்.

மானம் போகக் கூடாதென்று ஆமாம் என்றேன். மிச்சம் மீதியை நாலு செடிக்கு ஊற்றுவேன். அந்தத் தண்ணீர் அதுகளுக்கு நாக்கு நனையக்கூடப் பத்தாது.

ஆவணிக் கடைசியில் அவர் தோண்டிய காயினை இனிமேல் கார்டு வைத்துத் தோண்ட முடியாதபடி மாற்றிவிட்டார்களாம். செல்போனில் அதைப் படித்துவிட்டு கார்டுகளை அணைத்தார். பிறகு சாவியை அவிழ்த்து நீட்டினார்.

"இனி மோட்டார் போட்டுக்க, ரோகிணி. ஆனா ஒண்ணு, இந்த வெயில்லயும் ஒரு கார்டுகூட சூடாகல."

சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் பாய்ந்து போய்க் கருகிய குச்சிகளைச் சுற்றித் தேங்கியது. தண்ணீர் எட்டாத மேட்டில் ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தேன், வேரோடு வந்தது. கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது சூடாத்தான் இருக்கு. தொட்டுப் பாருங்க" என்றேன்.