தகப்பன் செய்த குற்றம்

வெள்ளைக்காரன் கப்பலேறி ஒன்பது வருஷமாகியும் அவன் சட்டம் மட்டும் கப்பலேறவில்லை. புளியடிக்குளத்தில் இராசமலர் விதைத்திருந்த இரண்டு ஏக்கர் வயல் ‘முடிக்குரிய காடு’, அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று காணிக் கந்தோர் கடிதம் அனுப்பியிருந்தது. தை முடிவதற்குள் விட்டுப் போக வேண்டுமாம். கதிர் தள்ளி நிற்கிற நெல்லை விட்டுவிட்டு எங்கே போவது?

விசாரிக்க வந்தவர் காரியாதிகாரி பரமலிங்கம். எங்களவர்தான். வரம்பில் நின்று வரைபடத்தை விரித்தார். அறுபது வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு துரை கீறியது, மூலையில் கிரீட முத்திரை. இந்த இடம் முழுக்கப் பச்சை. காலடியில் நெல் நிற்க, மனிதர் படத்தில் காட்டைத் தேடுகிறார். இராசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று வேறு கேட்டார். இந்தப் பக்கத்தில் யாரிடம் உறுதி இருந்தது? காடு வெட்டினவனுக்கு வயல். குளக்கட்டில் தன் பங்குக்கு மண் போட்டவனுக்குத் தண்ணீர். ஊருக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

“கொஞ்சம் நில்லுங்கோ ஐயா,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். தகரப் பெட்டியின் அடியில் ஒரு கடுதாசி கிடந்தது. குடும்பத்துக்கு மானக்கேடு என்று இதுவரை யாருக்கும் காட்டாதது. இங்கிலீசு எழுத்து, மேலே கிரீடம். அதைக் கொண்டுவந்து நீட்டினாள்.

பரமலிங்கம் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்று. புளியடிக்குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரனான அப்புத்துரை, தன் பங்குக் கட்டுக்கு மண் போடாத குற்றத்துக்கு ஏழு நாள் மறியல் சிறை. கடைசி வரியில் அவர் குரல் தணிந்துவிட்டது.

“என்ர அப்பு காய்ச்சலோட கிடந்தவர் ஐயா. பாயிலயிருந்து எழுப்பிக் கொண்டுபோனவங்கள்,” என்றாள் இராசமலர். “மறியல்ல போடேக்க வயல் எண்டு தெரிஞ்சுது. பறிக்கேக்க மட்டும் காடோ?”

அவர் படத்தில் இருந்த கிரீடத்தைப் பார்த்தார், கடுதாசியில் இருந்ததையும் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான். கண் முன்னால் விளைந்து நின்ற நெல்லை நம்பாத மனிதர் அந்த முத்திரையை நம்பினார். அது இராசமலருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் பேனையைத் திறந்து, கந்தோர்க் கடிதத்தை ரத்துச் செய்து கையெழுத்து வைக்கும்வரை அசையாமல் நின்றாள்.

“அந்தப் பச்சைக்குள்ள எங்கட குளத்தையும் கீறிவிடுங்கோ,” என்றாள். கீறினார்.

அடுத்த கிழமை இராசமலர் முல்லைத்தீவுக்குப் போய்த் தகப்பனின் குற்றத்துக்குக் கண்ணாடி போட்டு வந்து, வாசலுக்கு நேரே, வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி மாட்டினாள்.